அயல்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட சீன, ஜப்பானியக் கலைப்பொருள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அருங்காட்சியகங்களில் சீனப் பீங்கானைப் பார்க்கச் செல்கிறவர்கள், அரசவைக்கெனச் செய்யப்பட்டவற்றின் முன் நெடுநேரம் நிற்பதையும், "ஏற்றுமதிப் பொருள்" என்று எழுதப்பட்ட பேழையை ஒரு பார்வையோடு கடந்துவிடுவதையும் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தப் பேழையில் இருப்பவை, ஒருவரையொருவர் பார்த்தேயிராத இருவர், கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் இருந்தபடி சேர்ந்து உருவாக்கிய பொருள்கள். அவற்றைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்க முயன்றிருக்கிறேன்.

ஏற்றுமதிக் கலைப்பொருள் என்று எதைச் சொல்கிறோம்?

கடல் கடந்து போன எல்லாப் பொருளும் இந்த வகையில் அடங்காது. சீனத்து அறிஞர் ஒருவர் தம் மேசைக்கென வாங்கிய கிண்ணம் பின்னாளில் லண்டன் ஏலத்தில் விலைபோயிருந்தால், அது இடம் மாறிய பொருள், அவ்வளவே. வாங்கப்போகிறவர் வேற்று நாட்டவர் என்பதை அறிந்து, அவருடைய உணவுப் பழக்கத்துக்கும் வீட்டு அமைப்புக்கும் ரசனைக்கும் ஏற்ப வடிவத்தையும் அளவையும் சித்திரத்தையும் மாற்றிச் செய்ததையே ஏற்றுமதிக் கலைப்பொருள் என்கிறோம். சீனர் உணவு மேசையில் இடமே இல்லாத அகன்ற விளிம்புத் தட்டும் கடுகுச் சாடியும் இந்த வகையைச் சேர்ந்தவை. சவரம் செய்துகொள்பவரின் கழுத்தில் பொருந்தும்படி, விளிம்பின் ஒரு பக்கம் பிறைபோல வெட்டப்பட்ட ஜப்பானியப் பீங்கான் கிண்ணங்கள் பல ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றைச் செய்த குயவர் அப்படிச் சவரம் செய்துகொண்ட மனிதர் ஒருவரைக்கூடப் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இந்த வணிகம் ஐரோப்பியர் வந்த பிறகுதான் தொடங்கியதா?

இல்லை. ஐரோப்பியர் இதில் மிகப் பிந்தி வந்து சேர்ந்தவர்கள். இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகில் 1998-இல் கண்டுபிடிக்கப்பட்ட அரபுக் கப்பலில் ஏறத்தாழ 60,000 பீங்கான், மட்பாண்டப் பொருள்கள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி சீனத்தின் சாங்ஷா சூளைகளில் செய்த கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் பொறித்திருந்த தேதி கி.பி. 826-ஐக் குறிக்கிறது. பெரிய சாடிகளுக்குள் கிண்ணங்களைச் சுருளாக அடுக்கிப் பத்திரமாக அனுப்பியிருந்தார்கள். சிலவற்றில் அரபு எழுத்தை ஒத்த கோலங்கள் வரையப்பட்டுள்ளன. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வாங்குபவரின் கண்ணுக்கேற்ப வரையும் வழக்கம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உலகமே "சீனத்துப் பீங்கான்" என்றவுடன் நினைக்கும் நீல-வெள்ளைப் பாணியும் இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கலில் வளர்ந்ததுதான். 14-ஆம் நூற்றாண்டில், மங்கோலியரின் யுவான் ஆட்சியில், பாரசீகத்திலிருந்து வந்த கோபால்ட் தாதுவைக் கொண்டு ஜிங்தெஜென் நகரக் குயவர்கள் நீலச் சித்திரம் தீட்டினார்கள். பலர் வட்டமாக அமர்ந்து ஒரே தட்டிலிருந்து உண்ணும் மேற்காசிய வழக்கத்துக்குத் தோதாக மிகப் பெரிய தட்டுகளைச் செய்தார்கள். இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்கள் இருக்கின்றன. ஈரானின் அர்தபில் திருத்தலத்துக்கு மன்னர் ஷா அப்பாஸ் 1611-இல் வழங்கிய தொகுதியும் ஆயிரத்தைத் தாண்டியது.

தமிழ்க் கரைகளுக்கும் இவை வந்தனவா?

வந்தன. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980-களில் நடந்த ஆய்வில், 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவும் தமிழ் அறிஞர்களும் சேர்ந்து செய்த ஆய்வு அது. லோங்சுவான் சூளைகளின் பச்சைப் பூச்சுப் பாண்டங்களும், ஃபூஜியன் மாகாணத்து வெள்ளைப் பாண்டங்களும் அங்கே கிடைத்தவற்றில் அடங்கும். யாழ்ப்பாணத்துக்கு அருகில் அல்லைப்பிட்டியில் சோங் மன்னர் காலத்துத் தென்சீனப் பாண்டங்கள் ஒரு குவியலாகவே கிடைத்தன. இவை அரண்மனைப் பொருள்கள் அல்ல, சந்தையில் விற்க வந்த சாதாரணச் சரக்கு. அதனால்தான் வணிக வரலாற்றுக்கு இவை பெரிதும் உதவுகின்றன.

ஐரோப்பாவில் பீங்கான் மோகம் எப்படி ஏற்பட்டது?

போர்த்துக்கீசியர் 1557-இல் சீனக் கரையில் உள்ள மக்காவ் துறைமுகத்தில் நிலைகொண்ட பிறகு பீங்கான் சீராகப் போகத் தொடங்கியது. ஆனால் பெருங்கூட்டத்தின் ஆசையைக் கிளப்பியது ஒரு கடற்கொள்ளை. 1603-இல் சிங்கப்பூருக்கு அருகில் "சாந்தா கத்தரினா" என்ற போர்த்துக்கீசியக் கப்பலை டச்சுக்காரர்கள் கைப்பற்றினார்கள். அதில் ஏறத்தாழ ஒரு லட்சம் பீங்கான் பொருள்கள் இருந்தன. மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஏலத்தில் அவை விலைபோன வேகத்தைப் பார்த்ததும், புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பீங்கானைத் தன் நிலையான சரக்குகளில் ஒன்றாக்கிக்கொண்டது.

அக்காலத்துத் தட்டுகளைக் "க்ராக்" வகை என்பார்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். எடை வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. நடுவில் ஒரு மானோ, பாறைமேல் அமர்ந்த பறவையோ இருக்கும். அதைச் சுற்றி விளிம்புவரை சூரியக் கதிர்போலப் பிரித்த கட்டங்களுக்குள் பூவும் சுருளும் மாறிமாறி வரும். விளிம்பைத் தடவினால் பூச்சு ஆங்காங்கே பொடிப்பொடியாக உதிர்ந்திருப்பது விரலுக்குத் தெரியும். திருப்பிப் பார்த்தால், சூளைக்குள் பரப்பியிருந்த மணல் அடிவளையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். துடைத்து மெருகேற்ற நேரமில்லாமல், அடுத்த கப்பலுக்குள் முடிக்க வேண்டிய அவசரத்தில் வேலை நடந்திருக்கிறது. அப்படியிருந்தும் அந்த மானை வரைந்த தூரிகை ஓரிடத்திலும் தயங்கவில்லை. இந்த வகையின்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

ஜிங்தெஜெனில் இவ்வளவு பொருள்களை எப்படிச் செய்தார்கள்?

வேலையைப் பிரித்துக்கொண்டதால் செய்ய முடிந்தது. ஜியாங்ஷி மாகாணத்தில் உள்ள இந்த நகரைச் சுற்றிக் காவோலின் என்ற வெண்களிமண்ணும், இடித்துப் பொடியாக்கத்தக்க ஒருவகை வெள்ளைப் பாறையும் கிடைத்தன. இரண்டையும் கலந்து பிசைந்து ஏறத்தாழ 1,300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது, களிமண் உருவத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. பாறைப்பொடி உருகிக் கண்ணாடியாகி இடைவெளிகளை அடைக்கிறது. தட்டினால் மணிபோல ஒலிக்கும் தன்மையும் ஒளி ஊடுருவும் தன்மையும் இப்படித்தான் வருகின்றன.

பிரெஞ்சு சேசு சபைத் துறவி தாந்த்ரகோல் அங்கே தங்கியிருந்து 1712-இலும் 1722-இலும் எழுதிய இரண்டு நீண்ட கடிதங்கள், தொழிலின் உள்விவரங்களை ஐரோப்பாவுக்குத் தெரிவித்தன. ஒரு பாத்திரம் முடிவதற்குள் எழுபது பேர் கைக்குப் போய்வருகிறது என்று அவர் எழுதினார். விளிம்புக்குக் கீழே உள்ள நீலக் கோட்டை மட்டும் வரைய ஓர் ஆள், பூவின் வெளிக்கோட்டுக்கு வேறோர் ஆள், உள்ளே நிறம் நிரப்ப இன்னோர் ஆள் என்று வேலை பிரிக்கப்பட்டிருந்தது. இதைக் கலையின் வீழ்ச்சி என்று சொல்பவர்கள் உண்டு. நாள் முழுவதும் ஒரே இதழை வரைந்த கைக்கு எவ்வளவு தேர்ச்சி வந்திருக்கும் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜப்பான் இந்த வணிகத்துக்குள் எப்படி வந்தது?

சீனத்தின் துன்பம் ஜப்பானுக்கு வாய்ப்பாயிற்று. 1644-இல் மிங் ஆட்சி கவிழ்ந்து உள்நாட்டுப் போர் நீண்டபோது ஜிங்தெஜெனிலிருந்து சரக்கு வருவது நின்றுபோனது. டச்சுக்காரர்கள் ஜப்பானின் கியூஷு தீவில் உள்ள அரித்தாவை நாடினார்கள். அங்கே பீங்கான் தொழில் தொடங்கி அப்போது அரை நூற்றாண்டுகூட நிறைந்திருக்கவில்லை. 1590-களில் ஜப்பான் கொரியாமீது படையெடுத்தபோது கொண்டுவரப்பட்ட கொரியக் குயவர்கள் தொடங்கிவைத்த தொழில் அது. யி சாம்-பியோங் என்ற கொரியரே அங்கே பீங்கான் மூலப்பொருளைக் கண்டறிந்தவர் என்பது அரித்தாவின் மரபு. இன்றும் அவ்வூர் அவரை வணங்குகிறது. இத்தனை பெருமைக்கும் அடியில் ஊரைவிட்டுக் கொண்டுபோகப்பட்டவர்களின் உழைப்பு இருப்பதை மறக்கக் கூடாது.

1659-இல் டச்சுக் கம்பெனி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு ஆணை கொடுத்தது. பக்கத்துத் துறைமுகமான இமாரியில் ஏற்றப்பட்டதால் அந்தப் பாண்டங்களுக்கு "இமாரி" என்ற பெயரே நிலைத்தது. கருநீலம், செங்காவி, பொன் ஆகிய மூன்றும் நெருங்கி நிற்பது அதன் அடையாளம். பால்வெள்ளைப் பரப்பில் பெரும்பகுதியை வெறுமையாக விட்டு, ஓரமாக ஒரு கிளையும் இரண்டு காடைகளும் மட்டும் வரையும் "காகியெமோன்" பாணி இதற்கு நேர்மாறானது. பிற்பாடு சீனச் சூளைகள் மீண்டெழுந்தபோது, சீனர்கள் இமாரியைப் பார்த்துக் குறைந்த விலையில் அதே பாணியில் செய்து, ஜப்பானியரின் சந்தையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆயிரக்கணக்கான மைல் தொலைவிலிருந்து ஆணையை எப்படி விளக்கினார்கள்?

மாதிரி அனுப்பினார்கள். ஐரோப்பிய உணவு மேசைக்கு வேண்டிய வடிவங்களை மரத்தில் கடைந்து, 1635-இல் டச்சுக்காரர்கள் சீன வணிகர்களிடம் கொடுத்தார்கள். பின்னாளில் வெள்ளிப் பாத்திரங்களும் அச்சிட்ட செதுக்குப் படங்களும் மாதிரிகளாகப் போயின. கறுப்பு வெள்ளை அச்சுப்படத்தை அப்படியே பீங்கானில் கொண்டுவர வேண்டியிருந்ததால், மெல்லிய கறுப்புக் கோடுகளால் நிழல் காட்டும் ஒரு புதிய ஓவிய முறையே சீனத்தில் உருவானது.

இந்த ஆணைகளில் மிகவும் சுவையானவை குலச்சின்னம் பொறித்த விருந்துத் தொகுதிகள். பிரிட்டனின் குடும்பங்களுக்கு மட்டும் இப்படி 4,000-க்கும் மேற்பட்ட தொகுதிகள் செய்யப்பட்டிருக்கின்றன. ஆணை போய்ச் சேர்ந்து, சரக்குத் திரும்பிவர இரண்டு ஆண்டுகள்வரை ஆகும். வரைபடத்தில் "இங்கே சிவப்பு", "இங்கே பச்சை" என்று ஓரத்தில் எழுதியிருந்ததைச் சித்திரத்தின் பகுதி என்று கருதி, எழுத்துகளையும் அழகாகத் தீட்டி அனுப்பிய தட்டுகளும் உண்டு. அவற்றைக் காட்டிச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. தமக்குத் தெரியாத எழுத்தைக் கோடு பிசகாமல் தீட்டிய அந்த ஓவியரின் கவனமே என் கண்ணில் படுகிறது. பிழை என்று ஒன்று இருந்தால் அது ஆணை எழுதியவருடையது.

கேண்டனுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

1757 முதல் 1842-இல் நான்ஜிங் உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை மேலைநாட்டுக் கப்பல்கள் வணிகம் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே சீனத் துறைமுகம், இன்று குவாங்சோ எனப்படும் கேண்டன்தான். ஜிங்தெஜெனில் வெள்ளையாகச் சுட்ட பாத்திரங்கள் ஆற்றில் படகேறி, மெய்லிங் கணவாயில் கூலிகளின் தோளில் ஏறி இறங்கி, மீண்டும் படகில் கேண்டன் வந்து சேரும். அங்கே எனாமல் வண்ணம் தீட்டி மறுபடி குறைந்த வெப்பத்தில் சுடுவார்கள். வாங்குபவர் துறைமுகத்திலேயே இருந்ததால் ஆணைக்கேற்ற சித்திரத்தை விரைவாக முடிக்க முடிந்தது. கப்பலில் பீங்கானுக்கு அடித்தட்டே இடம். நீர் பட்டாலும் கெடாத அந்தக் கனத்துக்கு மேலே தேயிலைப் பெட்டிகளை அடுக்குவார்கள். 1752-இல் மூழ்கிய "கெல்டர்மால்சன்" கப்பலிலிருந்து 1980-களில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பீங்கான்கள் அப்படிப்பட்ட அடித்தட்டுச் சரக்கு.

கேண்டனின் கைவினை பீங்கானோடு முடியவில்லை. கையால் தீட்டிய சுவர்த்தாள், விசிறி, பூத்தையல் பட்டு எனப் பலவும் போயின. மும்பைப் பார்சி வணிகர்கள் தம் வீட்டுப் பெண்களுக்கென அங்கே தைக்கவைத்துக் கொண்டுவந்த "காரா" சேலைகள் இன்றும் குடும்பச் சொத்தாகக் காக்கப்படுகின்றன. கண்ணாடியின் பின்புறம் வரையும் ஓவியமும் இந்திய அரசர்களுக்காகக் கேண்டனில் வரையப்பட்டது. கொச்சி பரதேசி யூத ஆலயத்தின் தரையில் பதித்த நீல-வெள்ளை ஓடுகளும் 18-ஆம் நூற்றாண்டுச் சீன வேலைப்பாடே.

ஜப்பானிய அரக்கும் நம் ஊர் அரக்கும் ஒன்றா?

அல்ல. நம் அரக்கு மரக்கிளைகளில் வாழும் பூச்சி சுரப்பது. ஜப்பானியரின் "உருஷி" ஒருவகை மரத்தைக் கீறி எடுக்கும் பால். அது வெயிலில் காயாது. ஈரப்பதம் மிகுந்த அறையில்தான் இறுகும். படலம் படலமாகப் பூசி, ஒவ்வொன்றையும் இறுகவிட்டுத் தேய்க்க வேண்டியிருப்பதால் ஒரு நல்ல பேழைக்கு மாதக்கணக்கில் ஆகும். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர்த்துக்கீசியருக்கும் திருச்சபையினருக்கும் வளைந்த மூடிப் பெட்டிகளையும் வழிபாட்டுநூல் தாங்கிகளையும் கறுப்பு உருஷியில் செய்து, பொற்பொடி தூவி, சிப்பித் துண்டுகள் பதித்துக் கொடுத்தார்கள். இவற்றை "நம்பன்" வகை என்பர். அந்த மரமும் அதற்கேற்ற ஈரமும் ஐரோப்பாவில் இல்லாததால், அங்கிருந்த தச்சர்கள் இந்தியாவிலிருந்து இறக்குமதியான நம் அரக்கைக் கரைத்துப் பூசிப் போலி செய்துபார்த்தார்கள். பாரிஸ் தச்சர்களோ ஜப்பானியப் பேழைகளை அறுத்து, அந்தப் பலகைகளைத் தங்கள் மரச்சாமான்களின் முகப்பில் ஒட்டினார்கள். அழகான பொருள்களை அறுத்தது மனத்தை வருத்தினாலும், மிஞ்சியிருப்பவற்றுள் பல அவ்வாறுதான் மிஞ்சின.

கோரமண்டல் திரைகள் சோழமண்டலக் கரையில் செய்யப்பட்டவையா?

அவை முழுக்கச் சீனத்தில் செய்யப்பட்டவை. பெரும்பாலும் பன்னிரண்டு மடிப்புகள் கொண்ட இந்த மறைப்புத் திரைகளில், தடித்த அரக்குப் பூச்சைச் செதுக்கி, பள்ளங்களில் வண்ணம் நிரப்பியிருப்பார்கள். ஐரோப்பியக் கம்பெனிகள் இவற்றை நம் கீழைக் கரையின் துறைமுகங்கள் வழியாக ஏற்றிச் சென்றதால் அப்பெயர் ஏற்பட்டது.

மெய்ஜி காலத்தில் ஜப்பானிய ஏற்றுமதி ஏன் திடீரெனப் பெருகியது?

1868-இல் அமைந்த மெய்ஜி அரசுக்கு இயந்திரங்கள் வாங்க அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. விற்பதற்கு அதனிடம் இருந்தவற்றில் தலையாயவை பட்டும் தேயிலையும் கைவினையும்தான். 1873-ஆம் ஆண்டு வியன்னா உலகக் கண்காட்சியில் கிடைத்த வரவேற்பைக் கண்டு, அடுத்த ஆண்டே அரசின் ஆதரவோடு ஓர் ஏற்றுமதி நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்னொரு பக்கம், 1876-இல் சாமுராய்கள் வாள் தரிக்கத் தடை வந்தது. வாளின் பிடிக்கும் அதன் கைக்காப்புக்கும் தங்கமும் செம்பும் இழைத்துப் பிழைத்த குடும்பங்கள் ஒரே நாளில் வேலையிழந்தன. அந்தக் கைகள் பூச்சாடிக்கும் தூபக்கலத்துக்கும் திரும்பின.

அக்காலத்து எனாமல் வேலையைத்தான் ஜப்பானிய ஏற்றுமதியின் உச்சம் என்பேன். செம்புப் பாத்திரத்தின்மேல் முடிபோன்ற உலோகக் கம்பிகளை நிறுத்தி, அவற்றுக்கு இடையே கண்ணாடிப் பொடியை நிரப்பிச் சுட்டு, தேய்த்து, மறுபடி நிரப்பிச் சுடும் முறை இது. சாமுராய் குடும்பத்தில் பிறந்த கியோட்டோவின் நமிகாவா யாசுயுகி, ஜெர்மானிய வேதியியலாளர் காட்ஃபிரீட் வாகனரோடு சேர்ந்து உருவாக்கிய கண்ணாடி போன்ற கருமைப் பின்னணியில், வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு ஒரே கம்பியால் வளைந்து நிற்பதைக் காணலாம். டோக்கியோவின் நமிகாவா சோசுகே கம்பியையே அகற்றி, நீர்வண்ண ஓவியம்போலத் தோன்றச் செய்தார். பெயர் ஒன்றாயினும் இருவரும் உறவினர் அல்லர். 1896-இல் இருவரும் பேரரசவைக் கலைஞர்களாக அமர்த்தப்பட்டார்கள்.

அதே காலத்தில் "சத்சுமா" என்ற பெயரில் பொன்னை அப்பி, அவசரமாகத் தீட்டிய சாடிகளும் ஆயிரக்கணக்கில் கப்பலேறின. நல்ல மெய்ஜி வேலைகளில் பெரும்பகுதி வெளிநாட்டுக்கே போய்விட்டதால், கியோட்டோவின் சன்னென்சாகா அருங்காட்சியகத்துக்கு அவற்றை ஏலங்களில் திரும்ப வாங்க வேண்டியிருந்தது.

செட்டிநாட்டு வீடுகளில் உள்ள ஜப்பான் ஓடுகள் இந்த வகையைச் சேர்ந்தவையா?

ஐயமின்றிச் சேர்ந்தவை. முதல் உலகப்போரில் ஐரோப்பிய ஓடு வரத்துத் தடைப்பட்டபோது, ஜப்பானின் அவாஜித் தீவிலிருந்த டான்டோ போன்ற நிறுவனங்கள் ஆங்கிலேய ஓடுகளைப் பார்த்துச் செய்யத் தொடங்கி, 1930-கள்வரை ஆசியாவெங்கும் அனுப்பின. புடைப்பான ரோஜா, மயில் ஓடுகளைக் காரைக்குடிப் பகுதியிலும் பினாங்கு, சிங்கப்பூர் வீடுகளிலும் ஒருசேரக் காணலாம். இந்தியச் சந்தைக்கென்றே இலட்சுமி, சரசுவதி, கிருஷ்ணர் உருவங்களைப் புடைப்பாக அச்சிட்டும் அனுப்பினார்கள். ஆத்தங்குடி ஓடு இதுவன்று. அது சிமெண்டும் மணலும் கொண்டு உள்ளூரில் கையால் வார்த்து, சுடாமல் நீரில் ஊறவைத்து இறுக்குவது. பழைய வீடுகளை இடிக்கும்போது ஜப்பான் ஓடுகளைத் தனித்தனியாகப் பெயர்த்து விற்றுவிடுகிறார்கள். எந்த ஊரில், எந்தச் சுவரில் இருந்தவை என்ற குறிப்பாவது அவற்றோடு போக வேண்டும்.

அடியில் உள்ள முத்திரையை வைத்துக் காலத்தைக் கணிக்க முடியுமா?

ஜப்பானியப் பொருள்களில் ஓரளவு முடியும். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்றானதால், 1891 முதல், ஜப்பானியர் தம் நாட்டைக் குறிக்கும் பெயரான "நிப்பான்" என்று ஆங்கில எழுத்தில் பொறித்தார்கள். 1921-இல் அது ஏற்கப்படாது என்று அறிவிக்கப்பட்டதும் "ஜப்பான்" என்றாயிற்று. "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது" என்றிருந்தால் அது இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1952-க்குள் செய்தது. சீனப் பீங்கானின் அரசர் பெயர் முத்திரையை மட்டும் நம்பிவிடாதீர்கள். முன்னோர்மேல் உள்ள மதிப்பால் பழைய அரசரின் பெயரைப் பொறிப்பது அங்கே நெடுங்கால வழக்கம். கங்ஷி அரசர் காலத்துப் பொருள்கள் பலவற்றில் இருநூறு ஆண்டுகள் முந்திய செங்ஹுவா அரசரின் பெயர் இருக்கும். அடிவளையம், எடை, நீலத்தின் சாயல் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வீட்டில் உள்ள பழைய பொருளை எப்படிப் பாதுகாப்பது?

பீங்கானை இளஞ்சூட்டு நீரில், பிளாஸ்டிக் தொட்டியில், ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். பழைய ஒட்டு இருந்தால் நீரில் ஊறவிடாதீர்கள். பொன்கோடு உள்ள இடத்தில் சாம்பலோ தேங்காய் நாரோ படவே கூடாது. உருஷிப் பொருளை வெயிலில் வைத்தால் கறுப்பு பழுப்பாகும், மிகையாக உலர்ந்தால் அடிமரம் சுருங்கிப் பூச்சு வெடிக்கும். பூச்சின்மேல் தீட்டிய பழைய எனாமல் வண்ணங்களில் பொதுவாக ஈயம் கலந்திருக்கும். ஆகவே வண்ணம் தீட்டிய பழைய கிண்ணங்களில் புளிக்குழம்பு, ஊறுகாய், எலுமிச்சைச் சாறு போன்றவற்றை வைத்து உண்பதைத் தவிர்த்துவிடுங்கள்.